'ஆர்த்தாட்டிக் இன்சோல்': தமிழில் என்ன சொல்லலாம்?

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். தாராவியில் நடக்கவிருக்கும் சர்க்கரை நோய் முகாமுக்குத் தமிழில் இரண்டு பக்கத் துண்டறிக்கை கேட்டிருக்கிறார்கள். மற்றதெல்லாம் எழுதியாகிவிட்டது. 'ஆர்த்தாட்டிக் இன்சோல்', அதாவது பாதத்தைத் தாங்கச் செருப்பிலோ ஷூவிலோ காலடியில் வைக்கும் அட்டை, வந்த இடத்தில் பேனா நின்றுவிட்டது. நீங்கள் அனுப்பிய சொற்களை ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தேன்.

'உள்ளடி' சுருக்கமான சொல்தான். ஆனால் தேர்தல் முடிந்த மறுநாள் எல்லாக் கட்சி ஆபீசிலும் அதுதான் பேச்சு. "டாக்டர் எனக்கு உள்ளடி கொடுத்தார்" என்றால் சரிப்படாது. 'காலகணி' பனையின் உள்நாரான அகணியிலிருந்து எடுத்தது என்ற விளக்கம் பிடித்திருந்தது. அச்சில் பார்த்தால் 'காலணி' எழுத்துப்பிழையாகிவிட்டது போலத் தெரிகிறது. அதைவிட, 'உள்', 'அகம்' என்று தொடங்கும் எதுவும் எனக்கு இடிக்கிறது. இங்கே மாதுங்காவிலும் செம்பூரிலும் நம் வீட்டுப் பெண்கள் ஷூவா போடுகிறார்கள்? செருப்புதான். செருப்பில் இந்தப் பொருள் உள்ளே செருகுவதாக இல்லாமல் மேல்தளமாகவே ஒட்டப்பட்டிருக்கும்.

'திருத்தட்டை' பற்றி நீளமாகச் சொல்ல வேண்டும். கிரேக்கத்தில் 'ஆர்த்தோஸ்' என்றால் நேர், செம்மை. அதனால் திருத்துவது என்றார் நண்பர். வேர்ச்சொல் சரி, பொருள் தவறு. வளர்ந்தவர்களின் பாத எலும்பமைப்பை இந்த அட்டை நிமிர்த்திவிடுவதில்லை. தட்டைப்பாதம் தட்டைப்பாதமாகவே இருக்கும். கால் அதன்மேல் இருக்கும்வரை சுமை விழுகிற இடத்தை மாற்றிப் பகிர்கிறது, அவ்வளவுதான். 'திருத்து' என்று பெயர் வைத்தால், ஆறு மாதம் போட்டுவிட்டு "இன்னும் திருந்தவில்லையே" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான்.

இந்தியில் இருக்கும் 'சுகதலா'வை அப்படியே எடுத்துக்கொள்ளலாம் என்ற யோசனைக்கும் இதே பதில். சுகம் தரும் அடித்தளம்! அந்த எண்ணத்தில்தான் நானும் ஏமாந்தேன். என் அத்தைக்குக் குதிவாதம். குதிகாலிலிருந்து விரல்களை நோக்கி உள்ளங்காலில் ஓடும் பட்டை நோகிற நோய். காலையில் கட்டிலை விட்டு இறங்கி வைக்கிற முதல் நாலைந்து அடிதான் உயிர் போகும். நடக்க நடக்கக் கொஞ்சம் தணியும். கடையில் இருப்பதிலேயே மெத்தென்று இருந்த ஜெல் அட்டையாகப் பார்த்து வாங்கிக் கொடுத்தேன். பலனில்லை. சயான் ஸ்டேஷன் வாசலில் செருப்புத் தைக்கும் திருநெல்வேலிக்காரர் அதை வாங்கி நடுவில் கட்டைவிரலால் அமுக்கினார். விரல் அடிவரை போய்விட்டது. "மெத்துதான் இருக்கு, தாங்கல் இல்லக்கா" என்றார். எந்தப் பிசியோதெரபிஸ்டும் இதைவிடச் சுருக்கமாகச் சொல்லியிருக்க முடியாது. குதிகாலைச் சுற்றிக் கிண்ணம்போல் பிடிமானம், வளைவுக்குக் கீழே அமுங்காத உறுதி: அந்த வலிக்குப் பார்க்க வேண்டியது இது. பாதத்தை அச்செடுத்துச் செய்வதுதான் உசத்தி என்றும் இல்லை. சாதாரணக் குதிகால் வலிக்குக் கடையில் ஆயத்தமாகக் கிடைப்பதே பெரும்பாலும் அதே அளவு உதவுகிறது.

ஆனால் முகாமுக்கு வருகிறவர்கள் கதை வேறு. சர்க்கரையால் கால் மரத்துப்போனவருக்கு விறைப்பான அட்டையைக் கொடுத்தால், அது உறுத்துவதே தெரியாமல் புண்ணாகிவிடும். 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழையைப் பாதத்தில் அழுத்தி உணர்வு இருக்கிறதா என்று பார்த்த பிறகே அவர்களுக்கு அட்டை. வேலூர் சி.எம்.சி.யில் 1946இல் சேர்ந்த பால் பிராண்ட், தொழுநோயால் உணர்விழந்த பாதங்களுக்காக நுண்ணறை ரப்பரை (மைக்ரோசெல்லுலர் ரப்பர், சுருக்கமாக எம்.சி.ஆர்.) கொண்டுவந்தார். இன்று நாம் 'எம்.சி.ஆர். செருப்பு' என்று கேட்டு வாங்குவது அதுதான். அங்கே ரப்பர் மெத்தென்று இருக்கிறது. இங்கே வளைவு உறுதியாக இருக்கிறது. இரண்டும் செய்கிற வேலை ஒன்றே: ஒரே புள்ளியில் விழும் சுமையைப் பாதம் முழுக்கப் பரப்புவது. ஆகவே மென்மை, கடினம் இரண்டையும் பெயருக்குள் கொண்டுவரக் கூடாது.

தைப்பவரின் 'தாங்கல்' காதிலேயே நின்றது. 'பாதத்தாங்கல்' என்று எழுதிப் பார்த்தேன். வேடந்தாங்கல் பக்கத்து ஊர் மாதிரி ஆகிவிட்டது, கூடவே மனத்தாங்கல் வேறு. 'தாங்கணை'? ஏவுகணையின் தம்பி. கடைசியில் 'பாதந்தாங்கி'யில் நிற்கிறேன். சுமைதாங்கிக் கல் மெத்தையா என்ன? இடிதாங்கியைப் பாருங்கள், அது இடியை நிறுத்துவதில்லை, வேறு வழியாக இறக்கிவிடுகிறது. நம் அட்டையும் அதைத்தான் செய்கிறது. அச்செடுத்தது 'அச்சுப் பாதந்தாங்கி', கடையில் கிடைப்பது 'ஆயத்தப் பாதந்தாங்கி'. வெறும் மெத்துக்கு 'செருப்பு மெத்தை' போதும். 'பாதந்தாங்கி' தலைவர் காலைத் தாங்குகிறவரைச் சொல்வது போல ஒலிக்கிறது என்பீர்கள். அதற்குத்தான் 'அடிவருடி' ஏற்கெனவே இருக்கிறதே.

*

மறுமொழி:

அம்மா, இடிதாங்கி வரை வந்துவிட்டு ஏன் நின்றீர்கள்? 'அடிதாங்கி' என்று வைத்துவிடலாமே. அடி என்றால் பாதம். ஒவ்வொரு எட்டுக்கும் தரை கொடுக்கிற அடியையும் அதுதான் தாங்குகிறது. இரட்டுற மொழிதல். ஓர் எழுத்து மிச்சம் வேறு. இன்னொன்று: ஷூவில் போடுகிறவர்கள் அதோடு வந்த பழைய அட்டையை எடுத்துவிட்டுப் போட வேண்டும் என்று துண்டறிக்கையில் சேருங்கள். நான் அதன்மேலேயே போட்டு, ஒரு வாரம் குதிகால் வெளியே வழுக்கிக்கொண்டு நடந்தேன்.

*

மறுமொழி:

பழைய அட்டை விஷயத்தைச் சேர்த்துவிட்டேன். முதல் நாள் ஒன்றிரண்டு மணி நேரம் மட்டும் போட்டு மெல்லக் கூட்ட வேண்டும், கால் மரத்தவர்கள் கழற்றியதும் உள்ளங்காலைக் கண்ணாடியில் பார்க்க வேண்டும் என்பதும் இருக்கிறது. செருப்பு, ஷூ எதுவானாலும் கால் சற்று வீங்கியிருக்கும் சாயங்காலத்தில் அளவு பார்த்து வாங்கச் சொல்லியிருக்கிறேன்.

'அடிதாங்கி' என்னையும் சிரிக்க வைத்தது, தம்பி. நேற்று அத்தையிடம் சொன்னேன். "யாரு, நம்ம மாடி வீட்டுப் பொண்ணா?" என்று கேட்டார். முகாமுக்கு வருகிறவர்களில் பாதிக்கு மேல் பெண்கள். அந்தச் சொல் வேண்டாம். 'பாதந்தாங்கி' என்றே அச்சுக்குக் கொடுக்கிறேன். திங்கட்கிழமைக்குள் வேறு மறுப்பு இருந்தால் எழுதுங்கள்.