காட்டுத்தீக் குழுவுக்குத் தலைமை ஏற்பது: அஞ்செட்டி மலையடிவாரத்திலிருந்து ஒரு கேள்வி

கேள்வி – மலையடிவாரத்து விவசாயி

வணக்கம். கிருஷ்ணகிரி மாவட்டம் அஞ்செட்டியை ஒட்டிய சிற்றூர் ஒன்றில் வசிக்கிறேன். ஊரின் மூன்று பக்கமும் காப்புக்காடு. கடந்த மாசியில் மேற்குச் சரிவில் தீப்பற்றியபோது, வனத்துறையினர் வந்து சேர்வதற்கு முன்பே நாங்கள் பன்னிரண்டு பேர் பச்சைத் தழைகளை ஒடித்துக்கொண்டு ஓடினோம். தீ அணைந்துவிட்டது. ஆனால் நடுவில் காற்று திரும்பியதால் இருவர் புகைக்குள் சிக்கிக்கொண்டார்கள். அவர்களில் ஒரு தம்பிக்குக் காலில் தீக்காயம் பட்டு, ஆற இரண்டு மாதம் ஆயிற்று. இவ்வாண்டு வனச்சரக அலுவலகத்தின் ஒப்புதலோடு முறையான குழு அமைத்திருக்கிறோம். என்னையே தலைவனாக இருக்கச் சொல்லிவிட்டார்கள். தை பிறக்கச் சில நாள்களே இருக்கின்றன. குழுத்தலைவன் முதலில் செய்ய வேண்டியது என்ன, ஊரை எப்படி ஆயத்தம் செய்வது என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில் 1 – ஓய்வுபெற்ற வனவர், அரூர்

தம்பி, நீங்கள் ஓடியதை நான் குறை சொல்லமாட்டேன். காடு எரியும்போது கைகட்டி நிற்க மலையடிவாரத்தில் பிறந்தவர்களால் முடியாது. ஆனால் தலைவர் பொறுப்பை ஏற்ற பிறகு, தீயைப் பார்க்கும் முன் திரும்பி வரும் வழியைப் பார்ப்பதே உங்கள் முதல் வேலை.

அமெரிக்கக் காட்டுத்தீ அணைப்பு வீரர் பால் கிளீசன் 1991இல் நான்கு தேவைகளை வகுத்தார்: தீயையும் குழுவையும் ஒருசேரப் பார்க்கக்கூடிய மேட்டில் ஒரு கண்காணிப்பாளர், அவருக்கும் குழுவுக்கும் இடையே அறுபடாத தொடர்பு, தப்பிச் செல்லும் வழிகள், அவை போய்ச் சேரும் பாதுகாப்பான இடம். இந்த நான்கில் ஒன்று இல்லாவிட்டாலும் ஒருவரையும் உள்ளே அனுப்பாதீர்கள். நம் மலை மடிப்புகளில் பல இடங்களில் கைப்பேசி எடுக்காது. ஆகவே ஆளுக்கொரு ஊதல் வாங்கிக் கொடுத்து, நீண்ட ஊதல் கேட்டால் கையிலிருப்பதைப் போட்டுவிட்டு வெளியேற வேண்டும் என்று பழக்குங்கள். ஏற்கெனவே எரிந்து கருகி ஆறிய தரை, செடியற்ற பாறைப் பரப்பு, உழுது போட்ட மானாவாரி நிலம் ஆகியவை நமக்கு வாய்த்த பாதுகாப்பான இடங்கள். உண்ணிச்செடி மண்டிய ஓடைப்பள்ளத்தை அப்படி நம்பிவிடாதீர்கள். குறுகிய பள்ளம் புகைபோக்கியைப் போலத் தீயை மேலே இழுத்துவிடும்.

சரிவில் தீக்கு மேலே ஒருபோதும் நிற்கக் கூடாது. சரிவு 10 பாகை கூடினால் தீ மேல்நோக்கிப் பரவும் வேகம் ஏறத்தாழ இரு மடங்காகும் என்பது வல்லுநர்கள் கையாளும் கணக்கு. அதே ஏற்றத்தில் மனிதனுடைய நடையோ பாதியாகிவிடும். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறச் சென்றவர்களில் 20க்கும் மேற்பட்டோரை நாம் இழந்ததை நினைத்தால், உயர்ந்த காய்ந்த புல்லும் செங்குத்துச் சரிவும் சேர்ந்தால் என்ன நேரும் என்பது விளங்கும்.

தீநாக்கு இடுப்புயரத்துக்கு மேல், ஏறக்குறைய 1.2 மீட்டரைத் தாண்டினால், தழையோடும் மண்வெட்டியோடும் நேரே அணுகும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். அதற்குக் குறைவாக இருந்தால், எரிந்து முடிந்த பகுதியிலோ வண்டிப்பாதையிலோ தொடங்கி, தீயின் பக்கவாட்டை அடித்துக்கொண்டே முன்னேறுங்கள். எதிர்த்தீ, அதாவது பரவிவரும் தீக்கு முன்னால் இருப்பதை நாமே எரித்து அதற்கு இரையில்லாமல் செய்வது, வனத்துறை அலுவலரின் நேரடி ஆணையில் மட்டுமே நடக்க வேண்டும். காற்றைத் தவறாகக் கணித்து வைக்கும் எதிர்த்தீ இரண்டாவது காட்டுத்தீயாகிவிடும். பருத்தி உடையும் தோல் காலணியும் அணியாதவரைத் திருப்பி அனுப்புங்கள், ஏனெனில் பாலியஸ்டர் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். இரவில் காற்றில் ஈரம் ஏறித் தீ தணியும் என்பது உண்மைதான் என்றாலும், உங்கள் பக்கம் யானைகள் நடமாடும் காடு. வனப்பணியாளர் துணையின்றி இருட்டில் செல்லாமல், விடியலிலிருந்து வெயில் ஏறும்வரை வேலை செய்வதே நல்லது.

இன்னொன்றையும் மனத்தில் வையுங்கள். 1949 ஆகஸ்ட் 5 அன்று அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் மான் கல்ச் என்ற பள்ளத்தாக்கில் தீ துரத்தியபோது, குழுத்தலைவர் வாக்னர் டாட்ஜ் தம் முன்னாலிருந்த புல்லுக்குத் தாமே தீ வைத்து, அது எரிந்து விட்டுச்சென்ற சாம்பலில் படுத்து உயிர் பிழைத்தார். உடன் வந்தவர்களையும் அதற்குள் வரச் சொல்லிக் கூவினார், ஒருவரும் வரவில்லை. 13 பேர் இறந்தார்கள். அந்த உத்தியை அவர்கள் அதற்கு முன் கண்டதில்லை; அந்தத் தலைவரோடு சேர்ந்து போதிய பயிற்சி பெற்றதும் இல்லை. நெருக்கடியில் நீங்கள் இடும் கட்டளைக்கு உங்கள் பன்னிரண்டு பேரும் கேள்வியின்றிக் கட்டுப்பட வேண்டுமானால், தீயில்லாத நாள்களிலேயே அந்தச் சரிவை அவர்களோடு பலமுறை நடந்திருக்க வேண்டும்.

பதில் 2 – மகளிர் குழு உறுப்பினர், பென்னாகரம் பக்கம்

ஊரை ஆயத்தம் செய்வதைப் பற்றி நான் எழுதுகிறேன். எங்கள் ஊரில் தீ நேராக வந்து வீட்டைத் தொட்டதில்லை. காற்றில் பறந்து வந்த பொறி கேழ்வரகுத் தாள் போரில் விழுந்து, போரிலிருந்து கூரைக்குத் தாவியது. அன்றிலிருந்து தாள் போரை வீட்டிலிருந்தும் மாட்டுக்கொட்டகையிலிருந்தும் குறைந்தது முப்பது அடி தள்ளிப் போடுகிறோம். வீட்டுச் சுவரை ஒட்டி விறகு அடுக்குவதையும் விட்டுவிட்டோம். ஓட்டு வீட்டின் கூரை இடுக்கில் சேரும் புளியஞ்சருகை மாசி முடியும்வரை வாரத்துக்கு ஒருமுறை தள்ளிவிடுகிறோம். மற்றவை பெரிய வேலைகள் அல்ல: பீப்பாயில் நீர், அதில் ஊறும் சாக்கு, எந்த வீட்டில் நடக்க முடியாத முதியவர் இருக்கிறார், அவரை யார் தூக்குவது, மாட்டின் கயிற்றை யார் அவிழ்ப்பது என்ற பட்டியல்.

சனவரி 26 அன்று கிராம சபை கூடும். தீக்காலத்துக்குச் சற்று முன்னதாக வரும் அந்தக் கூட்டத்தைத் தவறவிடாதீர்கள். தீ தாண்டாதபடி புல்லையும் சருகையும் நீக்கி விடும் தீத்தடுப்புக் கோடு எங்கே அமைய வேண்டும், அதை யார் செதுக்குவது என்பதை வனச்சரகரை அழைத்து அங்கேயே பேசி முடியுங்கள். அவருடைய அனுமதியின்றிக் காப்புக்காட்டுக்குள் ஒரு புதரை வெட்டினாலும் வழக்காகும்.

ஆடு மாடு மேய்ப்பவர்களையும், சீமாறு புல் அறுக்கும் பெண்களையும் அந்தக் கூட்டத்துக்கு மரியாதையோடு அழையுங்கள். எரித்தால் இளம்புல் முளைக்கும் என்று தீ வைப்பவரைத் திருடனைப் போல நடத்தினால், அடுத்த முறை புகையை முதலில் பார்க்கும் அவர் உங்களிடம் சொல்லமாட்டார். எரிந்த இடத்தில் உண்ணிச்செடி அடிக்கட்டையிலிருந்து தழைத்து முன்னிலும் அடர்த்தியாக வருவதை அவர்களும் கண்ணால் பார்த்திருக்கிறார்கள். அதையே எடுத்துப் பேசலாம்.

பதில் 3 – தீயணைப்புத் துறையில் பணிபுரிபவர்

எங்கள் வண்டி சாலையை விட்டு மலையேறாது. வீடுகளைக் காப்பதற்கே அது உதவும். வண்டி திரும்பக்கூடிய இடத்தையும், நீர் நிரப்பக்கூடிய கிணறு அல்லது ஏரியையும் முன்கூட்டியே நிலையத்துக்குத் தெரிவியுங்கள். தீக்காயத்தின் மேல் இருபது நிமிடம் குளிர்ந்த சாதாரண நீரை ஊற்றிய பின் சுத்தமான துணியால் தளர்வாக மூடி, 108க்கு அழையுங்கள். மாவு, மை, பற்பசை எதையும் பூசாதீர்கள். இந்திய வன அளவை நிறுவனம் செயற்கைக்கோள் வழியாகக் கண்டறியும் தீ எச்சரிக்கைகளைப் பதிவு செய்தவர்களின் கைப்பேசிக்கு அனுப்புகிறது, பதிவு செய்துகொள்ளுங்கள். ஆனால் செயற்கைக்கோள் நாளுக்குச் சில முறைதான் கடந்து செல்லும். மேட்டில் நிற்கும் ஆளின் கண்ணுக்கு அது ஈடாகாது.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. வனவர் ஐயாவின் பதிலை நேற்று இரவு குழுவினருக்கு வாசித்துக் காட்டினேன். வரும் சனிக்கிழமை விடியற்காலை, வனக்காப்பாளர் ஒருவருடன், அதே மேற்குச் சரிவில் திரும்பும் வழிகளை நடந்து பார்த்துப் பாறைகளில் சுண்ணாம்பால் குறியிடப் போகிறோம். காலில் காயம்பட்ட தம்பி தானே மேட்டில் கண்காணிப்பாளராக நிற்பதாகக் கேட்டுக்கொண்டான். முதல் ஊதலை அவனிடம் கொடுத்துவிட்டேன்.