514 தந்த பொய் நம்பிக்கை: முகவரி, போர்ட் ஒப்பீட்டில் அடிபட்ட அனுபவங்கள்

மழைக்கால நிரலர்

லாக் (கருவிகள் அனுப்பும் நிகழ்வுக் குறிப்புகள்) சேகரிக்கும் சேவை ஒன்றை சி மொழியில் எழுதியிருந்தேன். எங்களிடமிருந்த பழைய ரௌட்டர்கள் யுடிபி போர்ட் 514இலிருந்தே அனுப்பும். அதனால் அனுப்பும் போர்ட் 514 என்றால் மட்டுமே பாக்கெட்டை ஏற்றோம். அந்தப் போர்ட் எண் இருக்கும் சின்_போர்ட்டை அப்படியே 514உடன் ஒப்பிட்டிருந்தேன். நெட்வொர்க்கில் எண்ணின் பெரிய பைட் முதலில் வரும், எங்கள் கணினியிலோ சிறிய பைட் முதலில். அதைத் திருப்பித் தரும் என்டிஓஎச்எஸ் சார்பைப் போட மறந்துவிட்டேன். எட்டு மாதம் எந்தக் குறையும் இல்லை.

பிறகு ஒரு வாடிக்கையாளர் போர்ட்டை 5514ஆக மாற்றினார். நானும் நிரலில் எண்ணை மாற்றினேன். அன்றிரவு ஒரு லாக்கூட வரவில்லை. நெட்வொர்க்கில் ஓடுவதைக் காட்டும் டிசிபிடம்ப்பில் பாக்கெட்டுகள் வரிசையாக ஓடுகின்றன, நிரலோ எல்லாவற்றையும் தள்ளுகிறது. வந்த போர்ட்டை அச்சிட்டால் 35349 என்றது. காகிதத்தில் கணக்குப் போட்டேன்: 21 × 256 + 138 = 5514. திருப்பினால் 138 × 256 + 21 = 35349. அடுத்த வரியில் 514ஐப் பிரித்தேன்: 2 × 256 + 2. இரண்டு பைட்டும் ஒன்றே. எப்படித் திருப்பினாலும் 514தான். எட்டு மாதம் தவறான நிரல் சரியாக ஓடியதற்குக் காரணம் அந்த ஒரு எண். இன்றும் அந்தக் காகிதத்தை வைத்திருக்கிறேன்.

தென்கரை

எனக்கு நேர்ந்தது, நினைவகத்தின் இரு பகுதிகளைப் பைட் பைட்டாக ஒப்பிடும் மெம்கம்ப்பில். தெரிந்த முனையங்களின் பட்டியல், அதில் வந்தவரைத் தேட வேண்டும். முகவரியும் போர்ட்டும் அடங்கிய சாக்அடர்_இன் ஸ்ட்ரக்சர் 16 பைட், இரண்டையும் மொத்தமாக ஒப்பிட்டேன். சோதனை பில்டில் ஓடியது. ஆப்டிமைஸ் செய்த பில்டில், கண்முன்னே இருக்கும் முகவரியையே "புதியவர்" என்றது. 16 பைட்டையும் இரண்டு வரிகளாக அச்சிட்டு, விரல் வைத்துப் படித்துக்கொண்டே போனேன். முதல் எட்டு பைட் அச்சு அசலாக ஒன்று. அடுத்த எட்டில், கர்னல் தந்ததில் எல்லாம் சுழியம், நான் கட்டியதில் ஸ்டாக்கில் கிடந்த குப்பை. அந்தக் கடைசி எட்டு பைட்டான சின்_ஜீரோவை நான் எழுதவே இல்லை. முதலிலேயே எல்லாவற்றையும் சுழியமாக்கும் மெம்செட் ஒரு வரி சேர்த்ததும் தீர்ந்தது. எல்லோரும் மெம்செட் போடுங்கள், போதும்.

பைட் காவலர்

தென்கரை, "போதும்" என்பதை ஏற்க முடியவில்லை. மெம்செட் உங்கள் பக்கத்துக் குப்பையைத்தான் துடைக்கும், ஒப்பீட்டைச் சரியாக்காது. என் கதை சின்னது: தடை செய்த ஒரு முகவரி ஒருநாள் தடையின்றி உள்ளே வந்தது. சேவையை ஐபிவி6 சாக்கெட்டுக்கு மாற்றியிருந்தோம். 203.0.113.7 என்று தடைப்பட்டியலில் இருந்தவர் ::எஃப்எஃப்எஃப்எஃப்:203.0.113.7 என்று, அதே ஐபிவி4 முகவரியின் ஐபிவி6 வடிவில் வந்து நின்றார். ஆள் ஒருவர், உருவம் இரண்டு. எந்த மெம்செட்டும் இதைப் பிடிக்காது.

ஆகவே உறுப்பு உறுப்பாக ஒப்பிடுங்கள். முதலில் முகவரிக் குடும்பம் (வி4ஆ, வி6ஆ). அது வேறானால், வி4 முகவரி வி6 உடையில் வந்ததா என்று பார்த்து, இரண்டையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவாருங்கள். பிறகு போர்ட், பிறகு முகவரி. சமமா என்று மட்டும் பார்ப்பதானால் இரு பக்கமும் நெட்வொர்க் வரிசையிலேயே இருக்கட்டும், திருப்பவே வேண்டாம். மாறிலியோடு ஒப்பிடுகிறீர்களா, மாறிலியை நெட்வொர்க் வரிசைக்கு மாற்றும் எச்டிஓஎன்எஸ் வழியாக அனுப்புங்கள். சிறியதா பெரியதா என்று பார்க்கும்போதுதான் திருப்பியாக வேண்டும். மறந்தால் லிட்டில் எண்டியன் (சிறிய பைட்டை முதலில் வைக்கும்) கணினியில் 10.0.0.2ஐவிட 10.0.1.1 சிறியதாகிவிடும். வரிசைப்படுத்தும் சார்பில் இரண்டு 32 பிட் முகவரிகளைக் கழித்து இன்ட்டாகத் திருப்பித் தருபவர்களையும் பார்த்திருக்கிறேன். வித்தியாசம் பெரிதானால் குறி மாறி, வரிசையே குலைந்துவிடும்.

வி6 ஸ்ட்ரக்சர் 28 பைட். அதில் பாக்கெட் ஓட்டத்தைக் குறிக்கும் ஃப்ளோஇன்ஃபோவை ஒப்பீட்டில் சேர்க்காதீர்கள். எஃப்இ80 என்று தொடங்கும், ஒரே இணைப்புக்குள் மட்டும் செல்லும் முகவரியென்றால், எந்த நெட்வொர்க் கார்டு என்று சொல்லும் ஸ்கோப் ஐடியைக் கட்டாயம் சேருங்கள், ஒரே முகவரி இரண்டு கார்டுகளில் இரண்டு வெவ்வேறு இயந்திரங்களாக இருக்கலாம். பிஎஸ்டி வழி இயங்குதளங்களில் ஸ்ட்ரக்சரின் முதல் பைட் அதன் நீளத்துக்கானது. அதையும் மொத்தமாக ஒப்பிட்டு மாட்டிக்கொண்டவர்கள் உண்டு.

ஊருணி

இவ்வளவு தூரம் போகவே தேவையில்லாமல் நான் அடிபட்டேன். முகவரியை எழுத்தாக மாற்றும் ஐநெட்_என்டிஓஏ தரும் சரத்துகள் இரண்டை, சரங்களை ஒப்பிடும் எஸ்டிஆர்கம்ப்பில் ஒப்பிட்டேன். ஐநெட்_என்டிஓஏ தன் விடையை ஒரே பொது இடத்தில் எழுதும். இரண்டாவது அழைப்பு முதல் விடையை அழித்துவிடும். எந்த முகவரியும் எந்த முகவரிக்கும் சமம்! நிர்வாகப் பக்கத்தின் காவல் அந்த ஒப்பீட்டின் கையில் இருந்தது. சந்தேகத்தில் ஒரே பிரிண்ட்எஃப்பில் இரண்டையும் அச்சிட்டேன். "வந்தவர் 10.0.0.9, அனுமதி 10.0.0.9." வந்தது என் மடிக்கணினி, அதன் முகவரி 10.0.0.31. அந்த வரியைப் பார்த்ததும் கை நடுங்கியது, முதலில் சேவையை நிறுத்தினேன்.

மழைக்கால நிரலர்

பைட் காவலர், மாறிலியைத் திருப்புவதை அன்றே செய்துவிட்டேன். நான் கேட்க வந்தது வேறு. 257ஆல் வகுபடும் எல்லாப் போர்ட்டும் 514 போலவே தவறை மறைக்கும்: 257, 771, 1028, 1285... எங்கள் சோதனைகளில் 1028 மூன்று இடங்களில் இருந்தது, நேற்றுதான் எடுத்தேன். உங்கள் சோதனைக் கோப்புகளில் எந்த எண்கள் இருக்கின்றன?