பள்ளிபாளையம் சிக்கனுக்கு எந்த பீருங்க?

தோட்டத்துக்காரன்:
வர்ற ஞாயிறு கோபி பக்கம் தோட்டத்தில் ஆறு பேர் கூடுகிறோம். பள்ளிபாளையம் சிக்கன், காடை வறுவல், கொடிவேரியில் இருந்து பொரிச்ச மீன். போன தடவை எல்லோரும் ஸ்ட்ராங் பீர் வாங்கி வந்தார்கள். இரண்டாவது துண்டிலேயே மூக்கும் கண்ணும் ஒழுக ஆரம்பித்துவிட்டது. காரத்தைக் குறைக்க மாட்டேன் என்று சமைக்கிற மாமன் சொல்லிவிட்டார். அப்போ பீரைத்தான் மாற்றணும். எதை எடுக்கலாம்?

கூலிங்_மாப்ள:
ஸ்ட்ராங்கைக் குறை சொல்லாதீங்க. மிளகாய்க் காரம் தண்ணியில் கரையாது, சாராயத்தில் கரையும். 5 சதவீதத்தை விட 8 நல்லாக் கரைக்கும். கை விறைக்கிற அளவுக்குக் கூலிங் பண்ணி எடுங்க, வேலை முடிஞ்சது.

காவிரிக்கரை:
பாதிப் பாடம்தான் படிச்சிருக்கீங்க மாப்ள. 8 போக மீதி பெரும்பாலும் தண்ணிதானே? அதில் கரைகிறது கொசுறு. அதைவிடப் பெரிய சிக்கல் வேற இருக்கு. நாக்கில் சூட்டையும் மிளகாயையும் உணர்வது ஒரே ஏற்பி. சாதாரணமா 42 டிகிரி சூட்டில் உசுப்பப்படுகிற அது, சாராயம் பட்டால் 34லேயே உசுப்பப்படும். நம்ம வாயே கிட்டத்தட்ட 37. அதனால் ஸ்ட்ராங் எரிச்சலை அணைக்காது, விசிறிவிடும்.

கசப்பும் அப்படித்தான். ஐபிஏன்னு ஒரு கசப்பு பீர் இருக்கு, அது பக்கம் தலை வைத்தே படுக்காதீங்க. கசப்பு அளவில் அது 40 முதல் 70 வரை போகும், கோதுமை பீர் பெரும்பாலும் 15ஐத் தாண்டாது. பள்ளிபாளையம் சிக்கனில் மசாலாப் பொடியே கிடையாது, கிள்ளிப்போட்ட வரமிளகாயும் சின்ன வெங்காயமும் தேங்காய்ப் பல்லும்தான். கோதுமை பீரில் வாழைப்பழமும் கிராம்பும் மாதிரி ஒரு வாசம் வரும், அது அந்தத் தேங்காயோடு போய் உட்கார்ந்துக்கும்.

பவானி_கெண்டை:
எல்லோரும் சிக்கனையே பேசறீங்க, மீனை மறந்துட்டீங்க. பள்ளிபாளையம் சிக்கன் வறுவல்தானுங்க. மீன்தான் பொரிச்சது. அதுக்குக் கோதுமை பீர் கொடுத்தா வாயெல்லாம் மாவு பூசின மாதிரி இருக்கும். மிளகாய்த்தூள் தடவி எண்ணெய்ச் சட்டியில் இருந்து எடுத்த கெண்டைக்குச் சாதாரண லாகர்தான், அதாங்க ஸ்ட்ராங் இல்லாத லேசான பொன்னிற பீர். நுரை எண்ணெயை வழிச்சுக்கிட்டுப் போயிடும்.

காவிரிக்கரை:
எண்ணெய்க்குச் சரி, காரத்துக்கு இல்லை. அந்த நுரையில் இருக்கிற வாயு எச்சிலில் அமிலமாகி நாக்கைக் குத்தும். எரியற இடத்தில் குத்தினா சுகமாவா இருக்கும்?

பவானி_கெண்டை:
சுகமாத்தாங்க இருக்கு. எரியக்கூடாதுன்னா எதுக்கு மிளகாய்? தயிர்ச்சோறு சாப்பிடலாமே.

ஒத்தைத்_தென்னை:
நீங்க எல்லாம் கோதுமையைப் பேசுங்க, என் தோப்பில் நிற்கிற 200 மரத்தை யாரும் பேச வேண்டாம். லேசான இனிப்பு, லேசான புளிப்பு, கசப்பு துளியும் கிடையாது. காரத்துக்குக் கள்ளை விட்டால் வேறென்ன? 1987ல் இருந்து இங்கே இறக்கத் தடை, வாளையாறு தாண்டிக் கேரளாவுக்குள் போனால் பலகை போட்டு விற்கிறார்கள்.

தோட்டத்துக்காரன்:
அண்ணா, உங்க வருத்தம் புரியுது. ஆனா ஞாயிற்றுக்கிழமைக்குள் சட்டம் மாறாது.

கூலிங்_மாப்ள:
கோதுமை பீர்னு கேட்டா எங்க ஊர்க் கடையில் ஏற இறங்கப் பார்ப்பாங்க. கிடைக்கிறதைப் பேசுங்க.

தோட்டத்துக்காரன் (திங்கள்):
கோயமுத்தூரில் ரெண்டு கடை ஏறி இறங்கி நாலு கேன் கோதுமை பீர் பிடித்தேன், மீதிக்கு லாகர். சிக்கனுக்குக் காவிரிக்கரை சொன்னது அப்படியே நடந்தது. நான் பொறுக்கி ஓரமா வைக்கிற மிளகாயைக்கூட ரெண்டு கடிச்சேன், தண்ணி தேடலை. ஆனால் மீன் வந்ததும் ஆறு பேரும் பேச்சே இல்லாமல் லாகருக்குக் கை நீட்டினோம். ஒரு சேக்காளி வீம்புக்கு ஸ்ட்ராங்கோடு காடை சாப்பிட்டு, பம்புசெட்டுத் தண்ணியில் வாயைக் காட்டிக்கிட்டு நின்றான். அது சுத்தமாப் பிரயோஜனம் இல்லை. மாமன் கொடுத்த மோரில்தான் அடங்கினான். பாலில் இருக்கிற புரதம் காரத்தைப் பிடித்து இழுத்துக்கொள்ளுமாம்.

கூலிங்_மாப்ள:
அந்த நாலு கேன் எந்தக் கடையில் கிடைச்சதுங்க?