தெருவுக்கு வந்த மஞ்சள் குழாய்

சித்ரா: பெரியப்பாவுக்கு வணக்கம். எங்கள் தெருவில் பள்ளம் தோண்டி, மஞ்சள் குழாயைச் சுருளிலிருந்து பிரித்துப் புதைத்துக்கொண்டிருக்கிறார்கள். இனி சமையல் எரிவாயு இதில்தான் வருமாம். கார்த்தி, சென்னைக்கு இது எங்கிருந்து வருகிறது?

கார்த்தி: எண்ணூரிலிருந்து, அக்கா. இயற்கை எரிவாயுவை மைனஸ் 162 டிகிரிக்குக் குளிர்வித்தால், அது திரவமாகி ஏறக்குறைய 600இல் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். கப்பலில் அப்படி வருவதை மறுபடி வாயுவாக்கிக் குழாயில் செலுத்தும் முனையம் 2019இல்தான் அங்கே திறக்கப்பட்டது.

சித்ரா: வடக்கே எப்போதோ வந்துவிட்டதே, நமக்கு ஏன் இவ்வளவு தாமதம்?

கார்த்தி: மும்பைக்கு மேற்கே கடலில் கிடைத்த வாயு, குஜராத்தின் ஹசிராவில் கரையேறியது. அதை உள்நாட்டுக்குக் கொண்டுபோக 1984இல் கெயில் என்ற மத்திய அரசு எரிவாயு நிறுவனம் தொடங்கப்பட்டு, ஹசிராவிலிருந்து விஜய்ப்பூர் வழியாக ஜகதீஷ்பூர் வரை சுமார் 1,700 கி.மீ. குழாய் போடப்பட்டது. அடுப்பை நினைத்துப் போட்டதல்ல. வழிநெடுக இருந்த உரத் தொழிற்சாலைகளுக்காகவும் மின்நிலையங்களுக்காகவும் போட்டது. காவிரிப் படுகையிலும் வாயு உண்டு, ஆனால் அது திருமாக்கோட்டை போன்ற பக்கத்து மின்நிலையங்களிலேயே எரிந்து தீர்ந்தது.

பெரியப்பா: விவசாயிகளும் மறித்தார்கள் என்று யாராவது சொல்லுமுன் நானே சொல்லிவிடுகிறேன். கொச்சியிலிருந்து பெங்களூருக்குப் போகும் குழாயைக் கோவை முதல் கிருஷ்ணகிரி வரை ஏழு மாவட்டங்களில் வயல்வழியே கொண்டுபோகப் பார்த்தபோது, 2013இல் நாங்கள் மறித்தது உண்மைதான். குழாய் பதிக்க நிலத்தைப் பயன்படுத்துவதற்கான 1962ஆம் ஆண்டுச் சட்டப்படி பட்டா நம் பெயரிலேயே இருக்கும். ஆனால் குழாய் போகும் பட்டையில் கிணறு வெட்டக்கூடாது, வீடு கட்டக்கூடாது, ஒரு தென்னங்கன்று கூட வைக்கக்கூடாது. இதற்குச் சட்டம் சொல்லும் இழப்பீடு, நிலத்தின் சந்தை மதிப்பில் 10 சதவீதம். தென்னை வைக்க முடியாத தோப்பை எங்கள் பக்கம் யார் விலைக்குக் கேட்பார்கள்? நெடுஞ்சாலை ஓரமாகக் கொண்டுபோகலாம் என்றது மாநில அரசு. 2016 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை.

சித்ரா: உங்கள் கோபம் நியாயம்தான், பெரியப்பா. வீட்டுக்குள் கசிந்தால் என்ன ஆகும் என்பதுதான் எனக்கு இப்போது கவலை.

கார்த்தி: சிலிண்டர் வாயு காற்றைவிடக் கனமானதால் தரையோடு தங்கிவிடும். இது லேசானது, மேலே எழும்பும். ஆகவே சமையலறையில் உயரத்தில் காற்றுப்போக்கி இருக்க வேண்டும். இயல்பில் வாசனையற்றது என்பதால், கசிவு தெரிவதற்காக நாற்றமுள்ள ஒரு பொருளைக் கலந்தே வீடுகளுக்கு அனுப்புகிறார்கள்.

பெரியப்பா: அம்மா சித்ரா, உங்கள் வீட்டு இணைப்பை அடைக்கும் வால்வு எந்த இடத்தில் வருகிறது என்று, பள்ளத்தை மூடுவதற்குள் கேட்டு வைத்துக்கொள்.

சித்ரா: இப்போதே கேட்கிறேன், பெரியப்பா. மேஸ்திரி வாசலில்தான் நிற்கிறார். படமும் எடுத்து அனுப்புகிறேன்.