உதவி: பரங்கிக் கொடி மதியம் வாடி சாயந்திரம் நிமிர்கிறது, ஒன்று மட்டும் நிமிரவே இல்லை (வேலூர்)

சத்துவாச்சாரி தோட்டம்:
எல்லாருக்கும் வணக்கம். வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் செம்மண் இடம் இருக்கிறது. தை மாதம் மூன்று குழியில் பரங்கி ஊன்றினேன், அத்தை வீட்டு நாட்டு விதை. மாசி முழுக்க நல்ல ஓட்டம், வேலி மேலேயும் ஏறிவிட்டது. இப்போது பங்குனிக் கடைசி. பதினோரு மணிக்கு மேல் மூன்று கொடியிலும் இலைகள் தொங்கிவிடுகின்றன, சாயந்திரம் நிமிர்ந்துவிடும். வெயில்தானே என்று விட்டிருந்தேன். ஆனால் நடுக்குழிக் கொடி இப்போது விடியற்காலையிலும் தொங்கியபடிதான் இருக்கிறது. இலை மஞ்சளாகவில்லை, பச்சையாகவே வெந்நீர் ஊற்றினது மாதிரி துவண்டு கிடக்கிறது.

காலையில் இலை மேல் ஆரஞ்சு நிறத்தில் சின்னச் சின்ன வண்டுகள், இலையில் ஓட்டைகள். பிஞ்சுகள் கோலிக்குண்டு அளவிலேயே மஞ்சளாகி உதிர்கின்றன. போர் தண்ணீர், தினமும் காலையில் தூரிலேயே ஊற்றுகிறேன். உரக்கடையில் கேட்டதற்கு கந்தகத் தூள் கொடுத்தார்கள், இன்னும் போடவில்லை. யூட்யூபில் ஒரு அமெரிக்க வீடியோவில் தண்டைக் கீறிப் புழுவை எடுத்துவிட்டு மண்ணைப் போட்டு மூடுகிறார்கள். நானும் கீறிப் பார்க்கலாமா?

வாலாஜா மாடி:
போர் தண்ணீரின் டிடிஎஸ் (கரைந்திருக்கும் உப்பின் அளவு) பார்த்தீர்களா? பாலாற்றை ஒட்டி பல இடத்தில் தண்ணீர் உப்பு. எங்கள் வீட்டில் அவரைக்கே இலை ஓரம் கருகும்.

சத்துவாச்சாரி தோட்டம்:
இலை ஓரம் கருகவில்லை சார். அதே தண்ணீரில் பக்கத்தில் கத்தரியும் கீரையும் நன்றாகவே இருக்கின்றன.

பச்சைத்துண்டு:
ரோகர் பூச்சிமருந்து வாங்கி அடிங்க, எல்லாம் சரியாயிடும்.

குடியாத்தம் கொடிக்கால்:
எதையும் அடிக்காதீங்க மேடம். என்னவென்று தெரியாமல் அடித்தால் தேனீதான் முதலில் போகும். அப்புறம் பிஞ்சு நிற்கவே நிற்காது.

மூன்று கொடியும் சேர்ந்து மதியம் தொங்குவதும், ஒன்று மட்டும் விடியலிலும் தொங்குவதும் ஒரே பிரச்சினை இல்லை. பரங்கி இலை அகலமானது. வேர் எடுத்துக் கொடுக்கிற வேகத்தைவிட வேகமாக வெயிலில் தண்ணீரை விடும், அதனால்தான் துவள்கிறது. வேலூர் வெயிலில் அது துவளாமல் இருந்தால்தான் ஆச்சரியம். சாயந்திரம் தானாக நிமிர்ந்தால் அது பெரும்பாலும் நோய் இல்லை. அதைப் பார்த்துவிட்டு மதியமும் ஒரு குடம் ஊற்றுவதுதான் பலர் வீட்டில் வேர் அழுகக் காரணம்.

நடுக்கொடி வேறு கதை. அது பிழைக்காது, அதனால் தயங்காமல் தோண்டிப் பாருங்க. அடித்தண்டைத் தூருக்கு நாலு விரல் மேலே வெட்டுங்க. உள்ளே நார் ஓடுகிற இடத்தில் பழுப்பு வளையம் இருந்தால் பியூசேரியம் என்கிற பூஞ்சையால் வரும் வாடல். வெட்டிய துண்டைக் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் அசையாமல் தொங்கவிட்டுக் கொஞ்ச நேரம் பாருங்க, பால் மாதிரி இழை இறங்கினால் பாக்டீரியா. வேரை மண்ணோடு அள்ளி, பக்கெட் தண்ணீரில் அலசுங்க. வேரே தடித்து முடிச்சு முடிச்சாக இருந்தால் நூற்புழு, அது கண்ணுக்கே தெரியாத மண்புழு வகையல்லாத நுண்புழு. வேரில் துளையும் அரிப்பும் இருந்தால் புழு.

அமெரிக்க வீடியோவை இங்கே அப்படியே எடுத்துக்க முடியாது. அந்தத் தண்டுத்துளைப்பான் நம்ம ஊர்ப் பூச்சி இல்லை. அதன் பங்காளி ஒன்று இங்கே புடலை மாதிரிக் கொடிகளில் வரும், ஆனால் அது நுழைந்த இடம் புடைத்துக்கொண்டு நிற்கும். தண்டில் புடைப்போ, துளையோ, மரத்தூள் மாதிரி எச்சமோ இல்லையென்றால் கீறுவதில் பலன் இல்லை, நல்ல தண்டும் அழுகிப்போகும்.

கந்தகத் தூளைத் திருப்பிக் கொடுத்துடுங்க. பூசணி, பரங்கி, பாகல் வகைக்கெல்லாம் கந்தகத் தூளும் தாமிரத் தூளும் ஆகாது, இலை பொசுங்கும். விற்கிறவர் இதை ஏன் சொல்வதில்லை என்று எனக்குப் புரிந்ததே இல்லை.

சத்துவாச்சாரி தோட்டம்:
தோண்டிவிட்டேன் சார். தண்டின் உள்ளே வெள்ளையாகத்தான் இருக்கிறது, வளையம் இல்லை. டம்ளரில் எதுவும் இறங்கவில்லை. வேரில் முடிச்சும் இல்லை. ஆனால் மண்ணுக்குள் இருந்த அடித்தண்டில் துளைகள், தொட்டால் கொழகொழவென்று நாற்றம். உள்ளே மெல்லிசாக, வெண்ணெய் நிறத்தில், தலை மட்டும் பழுப்பாகப் புழுக்கள். அரை விரல் நீளம்கூட இருக்காது.

குடியாத்தம் கொடிக்கால்:
அப்போ சந்தேகமே இல்லை. நீங்க இலை மேல் பார்த்த ஆரஞ்சு வண்டின் பிள்ளைகள்தான் அவை. அதற்குப் பேர் செவ்வண்டு, பூசணி வண்டு என்றும் சொல்வாங்க. தாய் இலையைத் தின்னும், முட்டையைத் தூரைச் சுற்றி ஈர மண்ணில் இடும். புழு மண்ணுக்குள்ளேயே வேரையும் அடித்தண்டையும் குடையும், அந்தப் புண்ணில் பூஞ்சை ஏறி அழுகும். இலை ஓட்டையும் வாடலும் இரண்டு பிரச்சினை மாதிரித் தெரிந்தாலும் ஆள் ஒன்றுதான். நீங்க தினமும் தூரிலேயே ஊற்றியது அதற்கு முட்டையிட வசதியாகப் போச்சு.

அந்தக் கொடியை வேரோடு எடுத்து எரிச்சிடுங்க, உரக்குழியில் போடாதீங்க. குழி மண்ணைக் கிளறி வெயிலில் காயவிடுங்க. புழு கூடு கட்டுவதும் மண்ணில்தான், மேலே வந்தால் மைனா பார்த்துக்கொள்ளும். மற்ற இரண்டுக்கும் தூரை விட்டு ஒரு அடி தள்ளி வட்டமாகப் பாத்தி எடுத்துத் தண்ணீர் விடுங்க. தூரைச் சுற்றி லேசாகக் கொத்திவிட்டு வேப்பம் பிண்ணாக்கு போடுங்க. தரையில் ஓடுகிற கணுக்கள் மேல் ஒரு கை மண் போட்டு மூடுங்க, அங்கேயும் வேர் விடும். நாளைக்கு அடிவேர் பாதி போனாலும் கொடி தாங்கும்.

அணைக்கட்டு விவசாயி:
வண்ட எப்டி புடிக்கறதுன்னு யாரும் சொல்லலியே. பொழுது விடியறப்ப போ மா. இலை மேல மந்தமா ஒக்காந்துக்கினு இருக்கும். சோப்புத் தண்ணி கிண்ணத்த அடியில புடிச்சி தட்டிவுட்டா தீந்துது. வெயில் ஏறிட்டா கிட்ட போறதுக்குள்ள பறந்துபூடும். அப்பறம் அடுப்புச் சாம்பல், பனி ஈரம் காயறதுக்குள்ள தூவிவுடு, ஒட்டிக்கும். எங்க ஊட்ல அது தான். வளந்த கொடி இலை ஓட்டைக்கு சாவாது. அடுத்த தபா வெத மொளச்சி ரெண்டு இலையா கீறப்ப தான் ஜாக்ரதையா பாக்கணும், ஒரே ராத்திரில மொட்டையாக்கிடும்.

சத்துவாச்சாரி தோட்டம்:
நன்றி ஐயா. எங்கள் வீட்டில் கேஸ் அடுப்புதான், டீக்கடையில் சாம்பல் கேட்டுப் பார்க்கிறேன்! பிஞ்சு உதிர்வதற்கும் இந்த வண்டுதான் காரணமா?

ஆற்காடு அக்கா:
அது வேறம்மா. உதிர்ந்த பிஞ்சைக் கையில் எடுத்துப் பார். மேலே ஊசி குத்தின மாதிரிப் புள்ளியும் பிசினும் இருந்து, நறுக்கினால் உள்ளே புழு நெளிந்தால் பழ ஈ. ஒன்றும் இல்லாமல் சுத்தமாக மஞ்சளாகியிருந்தால் மகரந்தம் சேரவில்லை. கோலிக்குண்டு அளவிலேயே விழுகிறது என்றால் பெரும்பாலும் இரண்டாவதுதான். காலையில் எட்டு மணிக்குள் ஒரு ஆண்பூவைப் பறித்து, இதழை உரித்துவிட்டு, அடியில் பிஞ்சோடு இருக்கும் பெண்பூவின் நடுவில் தடவிவிடு.

பழ ஈ என்றால் ஒன்று கவனி. கடையில் கேட்டால் மாமரத்துக்கு வைக்கிற மெத்தில் யூஜினால் பொறியைக் கையில் கொடுத்துவிடுவார்கள். பரங்கி, பாகலுக்கு வருகிற ஈ அதற்கு மயங்காது. கியூலூர் பொறி என்று பேர் சொல்லிக் கேள்.

சத்துவாச்சாரி தோட்டம்:
நறுக்கிப் பார்த்தேன் அக்கா, புழு இல்லை. நாளைக் காலை பூ தடவிப் பார்க்கிறேன். காலியான நடுக்குழியில் என்ன போடலாம்? வெண்டை விதை கையில் இருக்கிறது.

குடியாத்தம் கொடிக்கால்:
மண் காய்ந்ததும் தாராளமாகப் போடுங்க. வேரில் முடிச்சு இருந்திருந்தால் வேண்டாம் என்றிருப்பேன், நூற்புழுவுக்கு வெண்டையும் கத்தரியும் ரொம்பப் பிடிக்கும். பரங்கி, சுரை, வெள்ளரி மட்டும் இந்த வருஷம் அந்தக் குழியில் வேண்டாம். மீதி இரண்டு கொடியில் காய் பிடித்து தரையில் உட்கார்ந்தால் அடியில் ஒரு ஓட்டுத் துண்டோ காய்ந்த தென்னை மட்டையோ வையுங்க. மண்ணைத் தொடுகிற காயையும் அதே புழு குடையும். இன்னொரு கொடி விடியலில் தொங்கினால், அதன் அடித்தண்டைப் பையில் போட்டு விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்துக்கு எடுத்துப் போய்க் காட்டுங்க. இலையை மட்டும் கொண்டு போனால் அவங்களும் தண்டு எங்கே, வேர் எங்கே என்றுதான் கேட்பாங்க.