கரண்ட் போயிருந்தபோது கன்வேயர் மட்டும் எப்படி ஓடியது? பழுது பார்க்கும்போது பூட்டுவது எப்படி?

கேட்பவர்: பீன்யா பிட்டர்

வணக்கம். பெங்களூரு பீன்யாவில் ஒரு சிறிய பிரஸ் ஷாப்பில் மெயின்டனன்ஸ் பொறுப்பில் இருக்கிறேன். நான்கு பவர் பிரஸ்கள், தகட்டுக் கழிவை வெளியே கொண்டுவரும் ஒரு கன்வேயர், ஒரு கம்ப்ரஷர், மின்வெட்டுக்கு ஒரு சிறிய ஜெனரேட்டர், இவ்வளவுதான் எங்கள் இடம்.

சென்ற வாரம் பிற்பகல் ஷிஃப்டில் கன்வேயரின் கடைசி உருளையில் ஒரு தகட்டுத் துண்டு சிக்கிக்கொண்டது. அதே நேரத்தில் கரண்டும் போனது. கரண்ட் இல்லாதபோதே எடுத்துவிடலாம் என்று எங்கள் இளம் பிட்டர் கார்டை (உருளையை மூடியிருக்கும் பாதுகாப்பு மூடி) கழற்றிவிட்டுக் கையை உள்ளே விட்டார். ஜெனரேட்டர் தானாகக் கிளம்பி லோடு எடுத்ததும் பெல்ட் நகர்ந்துவிட்டது. கையுறை பெரிய அளவாக இருந்ததால் அது மட்டும் உள்ளே போனது, கை வெளியே வந்துவிட்டது. பிறகு உருளைக்கு அடியிலிருந்து அதை உருவியபோது ஐந்து விரல்களும் அப்பளம்போல ஒட்டி, பெல்ட்டின் வரிகள் அப்படியே அதில் பதிந்திருந்தன.

பிரஸ் எதையும் நாங்கள் ஜெனரேட்டரில் ஓட்டுவதில்லை. கன்வேயருக்கு மூன்றாம் பிரஸ்ஸின் பேனலிலிருந்து சப்ளை வருகிறது என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தோம். பிரஸ் அசையாமல் இருக்கக் கன்வேயர் மட்டும் எப்படி ஓடியது? இனிமேல் எமர்ஜென்சி பட்டனை அழுத்திவிட்டு வேலை செய்தால் போதும் என்கிறார் முதலாளி. அது சரியா?

பதில்: பேனல்காரர், பொம்மசந்திரா

அந்தப் பையனுக்கு எதுவும் ஆகாததில் மகிழ்ச்சி. ஆனால் பெரிய கையுறை காப்பாற்றியது என்று யாரும் பாடம் எடுத்துக்கொள்ளக் கூடாது. சுழலும் உருளைக்கு அருகில் தளர்ந்த கையுறைதான் பெரும்பாலும் கையையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும்.

கன்வேயரைக் கிளப்புவது பட்டனா, திருப்பும் சுவிட்சா என்று முதலில் சொல்லுங்கள். பச்சை, சிவப்பு பட்டன்கள் வைத்த ஸ்டார்ட்டரில் கான்டாக்டர் (மோட்டாருக்குக் கரண்டை இணைத்துத் துண்டிக்கும் காந்த சுவிட்ச்) தன்னைத் தானே பிடித்துக்கொண்டு நிற்கும். கரண்ட் போனால் பிடி விட்டுவிடும், திரும்பி வந்தாலும் ஒருவர் பச்சையை அழுத்தினால்தான் ஓடும். திருப்பும் சுவிட்சில் அந்தப் பாதுகாப்பு கிடையாது. அது 'ஆன்' நிலையிலேயே இருக்கும், எந்த வழியாகக் கரண்ட் வந்தாலும் மோட்டார் கிளம்பிவிடும்.

பீன்யா பிட்டர்

திருப்பும் சுவிட்சுதான் ஐயா. பட்டன் கெட்டுப்போனபோது முன்பிருந்த எலெக்ட்ரீஷியன் மாற்றிவைத்தது. சிக்கியதும் கரண்ட் போய்விட்டதால் யாரும் அதை 'ஆஃப்' செய்யவில்லை.

பேனல்காரர், பொம்மசந்திரா

அப்படியென்றால் பாதிக் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. மீதிப் பாதிக்கு, மூன்றாம் பிரஸ்ஸின் ஐசொலேட்டரை (சப்ளையை முழுவதுமாகத் துண்டிக்கும் சுவிட்ச்) 'ஆஃப்' செய்துவிட்டு, பக்கத்தில் யாரும் இல்லை என்று உறுதிசெய்துகொண்டு, கன்வேயரை ஓட்டிப் பாருங்கள். ஓடினால் சப்ளை வேறு எங்கிருந்தோ வருகிறது என்று பொருள்.

எமர்ஜென்சி பட்டனைப் பற்றி: அது கன்ட்ரோல் வயரை மட்டும்தான் வெட்டுகிறது. கான்டாக்டரின் மேல்முனையில் மூன்று பேஸும் உயிரோடு நின்றுகொண்டிருக்கும். கான்டாக்டரின் முனைகள் சூட்டில் ஒட்டிக்கொண்டால் பட்டனை அழுத்தினாலும் மோட்டார் நிற்காது. அழுத்திய பட்டனைத் திருகி விடுவிக்க யாருக்கும் ஒரு நொடி போதும். ஓடும் இயந்திரத்தை அவசரத்தில் நிறுத்துவதற்கு அது நல்லது; கையை உள்ளே விடுவதற்கு அதை நம்ப முடியாது.

பதில்: ஜிகணி பெரியவர்

தம்பி, நான் முப்பது வருடம் பிரஸ் ஷாப்பிலேயே இருந்தவன் என்பதால் கன்வேயரை விட உங்கள் பிரஸ்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை. மெயினை 'ஆஃப்' செய்த பின்னும் ஃபிளைவீல் என்ற கனமான சக்கரம் நெடுநேரம் சுற்றிக்கொண்டே இருக்கும். அந்தச் சுற்றில் கிளட்ச் பிடித்தால் ராம் (மேலும் கீழும் போய் தகட்டை அடிக்கும் பகுதி) ஒரு முழு ஸ்ட்ரோக் இறங்கிவிடும். கிளட்ச்சுக்கும் ராமைத் தாங்கும் சிலிண்டருக்கும் போகும் காற்று தனியாகத் தேங்கி நிற்கிறது. ராமோ தன் எடையாலேயே இறங்கக்கூடியது. இவற்றில் எதையும் மின்சாரப் பூட்டு தடுக்காது.

நாங்கள் செய்தது இதுதான். மெயினை அணைத்துப் பூட்டுவோம். ஃபிளைவீல் முழுமையாக நிற்கும் வரை கண்ணால் பார்த்துக்கொண்டிருப்போம். மேல், கீழ் டைகளுக்கு (தகட்டுக்கு வடிவம் தரும் அச்சுகள்) நடுவே ராமின் எடையைத் தாங்கும் பாதுகாப்புக் கட்டையை நிறுத்துவோம். அதன் பிறகே காற்று வால்வை மூடிப் பூட்டி, உள்ளே தேங்கிய காற்றைத் திறந்துவிட்டு, கேஜ் முள் சுழிக்கு வந்ததா என்று பார்ப்போம். காற்றை முதலில் விட்டால் தாங்கும் சிலிண்டர் தளர்ந்து ராம் கீழே வரலாம் என்பதால்தான் கட்டை முந்துகிறது. அந்தக் கட்டையை ஒரு பிளக்கோடு சங்கிலியால் பிணைத்திருந்தோம். பிளக்கைப் பிடுங்காமல் கட்டையை எடுத்து டைக்கு நடுவே வைக்க முடியாது, பிளக்கைப் பிடுங்கினால் பிரஸ்ஸின் கன்ட்ரோல் அற்றுவிடும்.

பூட்டு விஷயத்தில் ஒன்றே ஒன்றைப் பிடிவாதமாகக் கடைப்பிடியுங்கள். உள்ளே கை வைக்கும் ஒவ்வொருவரும் தன் சொந்தப் பூட்டைப் போட்டு, சாவியைத் தன் பையிலேயே வைத்துக்கொள்ள வேண்டும். நாலு பேர் வேலை செய்தால் நாலு பூட்டு. ஒரே கைப்பிடியில் பல பூட்டுகளை மாட்டுவதற்கான ஆறு துளைக் கொக்கி கடைகளில் கிடைக்கிறது. சூப்பர்வைசர் மற்றவர்களுக்காகப் பூட்டுவதும், அவரிடம் மாற்றுச்சாவி இருப்பதும் எங்கள் இடத்தில் ஒரு முறை கிட்டத்தட்ட விபத்தில் முடிந்தது. ஷிஃப்ட் மாறியபோது உள்ளே ஒருவர் இருப்பது தெரியாமல் திறந்துவிட்டார்.

பதில்: புரொடக்ஷன் பார்வை

தவறாக நினைக்க வேண்டாம். ஒரு நாளைக்குப் பத்து முறை தகடு சிக்கும் இடத்தில், இரண்டு நிமிட வேலைக்கு இவ்வளவும் செய்தால் உற்பத்தி எப்படி நடக்கும்?

ஜிகணி பெரியவர்

பத்து முறை சிக்குகிறது என்றால் பூட்டைக் குறை சொல்லுமுன் சரிவுத் தகட்டின் கோணத்தையும் பெல்ட்டின் ஓரத்தையும் பாருங்கள். கார்டைக் கழற்றாமல், நீளமான கொக்கிக் கம்பியால் வெளியில் நின்றபடியே இழுக்க முடிந்தால் அதைச் செய்யுங்கள். கார்டைக் கழற்றிக் கையை உள்ளே விடுவது என்று ஆன பிறகு இரண்டு நிமிட வேலை, இரண்டு மணி நேர வேலை என்ற பேதம் உருளைக்குத் தெரியாது.

பேனல்காரர், பொம்மசந்திரா

முதலாளியிடம் பேசும்போது உதவும் என்பதால் சொல்கிறேன். தானாக 'ஆஃப்' நிலையிலிருந்து 'ஆன்' நிலைக்கு நழுவக்கூடிய கருவியைப் பாதுகாப்பான நிலையில் பூட்ட ஏற்பாடு இருக்க வேண்டும் என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் 24ஆம் பிரிவிலேயே சொல்லியிருந்தது. புதிதாக யாரும் கண்டுபிடித்த செலவு அல்ல இது.

பழைய பேனல் என்பதால் தயங்க வேண்டாம். பல பழைய சுவிட்ச் ஃபியூஸ் பெட்டிகளின் கைப்பிடியில் பூட்டுத் துளை இருக்கிறது, பெயின்ட்டில் அடைபட்டிருக்கும். சிறிய எம்சிபிக்கு (ஃபியூஸுக்குப் பதிலாகத் தானாக விழும் சுவிட்ச்) மாட்டும் கிளிப்புகள் தனியாகக் கிடைக்கின்றன. பூட்டிய பிறகு மீட்டரை முதலில் உயிருள்ள ஓர் இடத்தில் வைத்துப் பாருங்கள், பிறகு மோட்டார் முனைகளில் பேஸுக்குப் பேஸும் பேஸுக்கு எர்த்தும் பாருங்கள், மறுபடியும் உயிருள்ள இடத்தில் வைத்து மீட்டர் நடுவில் சாகவில்லை என்று உறுதிசெய்யுங்கள். நியான் டெஸ்டரை இந்த வேலைக்கு நம்ப வேண்டாம்.

பீன்யா பிட்டர்

ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுச் சோதித்தோம். மூன்றாம் பிரஸ்ஸின் ஐசொலேட்டரை அணைத்துப் பூட்டிவிட்டுச் சுவிட்சைத் திருப்பினேன், கன்வேயர் ஓடியது. வயரைப் பிடித்துக்கொண்டே போனால், அது மேலே கேபிள் தட்டில் ஏறி, சுவரைத் தாண்டி, விளக்குகளும் கம்ப்ரஷரும் இருக்கும் ஜெனரேட்டர் போர்டில் போய் முடிந்தது. பிரஸ்களை இடம் மாற்றியபோது யாரோ பக்கத்தில் கிடைத்த சப்ளையை எடுத்திருக்கிறார்கள், லேபிளை மட்டும் மாற்றவில்லை. பேனல் கதவில் "பிரஸ் 3, கன்வேயர்" என்று எழுதியிருந்ததை நம்பி இத்தனை நாள் நான் அணைத்த இடம் கன்வேயருக்குச் சம்பந்தமே இல்லாதது.

இப்போது கன்வேயருக்கு அருகிலேயே, பெல்ட்டிலிருந்து பார்த்தால் தெரியும் இடத்தில், பூட்டக்கூடிய தனி ஐசொலேட்டர் வைத்துவிட்டோம். மெயின் கரண்ட் ஆனாலும் ஜெனரேட்டர் ஆனாலும் அதைத் தாண்டித்தான் மோட்டாருக்குப் போக முடியும். திருப்பும் சுவிட்சை எடுத்துவிட்டுப் பழையபடி பட்டன் ஸ்டார்ட்டர் போட்டாகிவிட்டது. ஆறு பூட்டுகளில் ஆறு பேரின் படமும் ஒட்டியிருக்கிறது. எச்சரிக்கை அட்டையைத் தமிழ், கன்னடம், இந்தி மூன்றிலும் எழுதினோம், ஒடியாவில் எழுத எங்கள் ஆபரேட்டர் ஒருவர் உதவினார்.

பெரியவர் சொன்ன பாதுகாப்புக் கட்டை மட்டும் பாக்கி. ராமின் எடையோடு மேல் டையின் எடையையும் சேர்த்தா கணக்கிட வேண்டும்?

ஜிகணி பெரியவர்

ஆம், மாட்டியிருக்கும் மேல் டைகளிலேயே அதிக எடையுள்ளதைச் சேர்த்துக் கணக்கிடுங்கள். பிரஸ் செய்தவர்களின் கையேட்டில் ராமின் எடை இருக்கும். கட்டை எடை தாங்குவதற்கு மட்டும்தான். ஓடும் பிரஸ்ஸின் அடியைத் தாங்காது என்பதால், சங்கிலி, பிளக் இல்லாத கட்டையை ஷாப்புக்குள்ளேயே விடாதீர்கள்.