பாங்காக்கில் ஒரே பெயருக்கு ஏன் இத்தனை ஆங்கில எழுத்துக்கூட்டல்?

பயணி_தேனி:

அடுத்த மாதம் அம்மா அப்பாவை பாங்காக் கூட்டிப் போகிறேன். எங்கே இறங்க வேண்டும், எங்கே தங்குகிறோம் என்று அவர்களுக்கு ஒரு தாளில் எழுதிக் கொடுக்கலாம் என்று உட்கார்ந்தால், எந்தப் பெயருக்கும் ஒரே எழுத்துக்கூட்டல் கிடைக்கவில்லை. சதுசக் என்ற அந்தப் பெரிய வார இறுதிச் சந்தை ஒரு தளத்தில் சி-எச்சில் தொடங்குகிறது, இன்னொன்றில் ஜே-யில். தோங் லோ நிலையத்தின் பலகையில் பெயர் ஓ-வோடு முடிகிறது, அதே தெருவில் இருக்கும் கடைகளில் கடைசியாக ஒரு ஆர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. விமான நிலையத்துக்கு எழுதியிருப்பது நம்ம சுவர்ணபூமி, யூடியூபில் அந்த ஊர்க்காரர்கள் சொல்வதைக் கேட்டால் "சுவன்னபூம்".

இதற்கு அரசு விதி என்று ஒன்றும் கிடையாதா? இருந்தால் ஏன் யாரும் கண்டுகொள்வதில்லை? அப்புறம், தமிழில் எப்படி எழுதுவது? நம் செய்திகளில் ஃபுகெட் என்று வருகிறதே, அது சரியா?

சிலோம்வாசி:

விதி இருக்கிறது நண்பரே. தாய்லாந்துப் பெயர்களை ஆங்கில எழுத்தில் எழுதும் விதியை ராயல் சொசைட்டி என்ற அந்நாட்டு அரசு அமைப்பு 1930களிலேயே ஆரம்பித்தது, கடைசியாக 1999இல் திருத்தி வெளியிட்டது. சாலைப் பலகைகளும் ரயில் நிலையங்களும் பெரும்பாலும் அதன்படிதான். கடைக்காரரையும் கட்டட முதலாளியையும் அது கட்டுப்படுத்தாது. பழைய விமான நிலையமான டோன் முவாங்கையே பாருங்கள். முன்பு யு-ஏ போட்டு எழுதினார்கள், 1999 விதிப்படி யு-இ-ஏ. இன்றைக்கும் இரண்டும் புழக்கத்தில் இருக்கிறது.

ஆனால் கடைக்காரர்களை மட்டும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை, ஏனென்றால் விதியிலேயே ஓட்டை. தாய்லாந்துக்காரர்கள் பேசும் தாய் மொழியில் தொனி, அதாவது பொருளையே மாற்றும் குரல் ஏற்ற இறக்கம், ஐந்து. உயிரெழுத்தில் குறில் நெடில் உண்டு. இரண்டையுமே இந்த விதி விட்டுவிடுகிறது. 'பக்கம்' என்பதற்கும் 'தூரம்' என்பதற்கும் விதிப்படி ஒரே எழுத்துதான், இரண்டுமே கே-எல்-ஏ-ஐ! தொனியை வைத்துத்தான் அவர்கள் பிரித்துச் சொல்கிறார்கள். நீங்கள் ஆங்கிலத்தில் படித்துவிட்டு டாக்சிக்காரரிடம் கேட்டால் அவர் என்ன செய்வார்?

சந்தை விஷயமும் இதுதான். நமக்கு ச மாதிரிக் கேட்கிற ஒலிக்கும் ஜ மாதிரிக் கேட்கிற ஒலிக்கும் சேர்த்து விதி ஒரே சி-எச் கொடுக்கிறது. காதில் ஜதுஜக் என்று விழுந்தவர் ஜே போடுகிறார். தோங் லோ கடைகளில் ஒட்டிக்கொண்ட அந்த ஆர், பிரிட்டிஷ் ஆங்கிலப் பழக்கம். அங்கே ஆர் ஒலிக்காது, முன்னால் இருக்கும் ஓ-வைத் திறந்து நீட்டும். தாய் எழுத்தில் அந்த இடத்தில் ர-வே கிடையாது.

கல்வெட்டு_கிறுக்கன்:

மேலே சொன்னது பாதிதான். ஒலிப்படி எழுதுவது ஒரு மரபு, வடமொழி வேர்ப்படி எழுதுவது இன்னொரு மரபு, இரண்டும் நூறு வருடமாக ஒரே ஊரில் இருக்கின்றன. ஆறாம் ராமா மன்னர் வேர்ப்பக்கம் நின்றவர். 1913இல் குடும்பப் பெயர்ச் சட்டம் கொண்டுவந்து, ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குத் தானே பெயர் வைத்தார். அவருடைய பெயரை ஆங்கிலத்தில் வஜிராவுத் என்று எழுதுவார்கள், நம்ம வஜ்ராயுதம்தான். தாய் வாயில் அது வசிராவுத்.

கொஞ்சம் பொறுமையாகப் பார்த்தால் இதில் ஒரு ஒழுங்கு தெரியும். வடமொழி ப, த, க-வில் மென்மையாக ஒலிப்பவை தாய் மொழியில் காற்றோடு வெடித்து வரும், அதனால்தான் விதிப்படி எழுதினால் எச் எச்சாகக் கொட்டிக் கிடக்கிறது. நகரம் 'நக்கோன்', தேவன் 'தேப்'. சொல்லின் கடைசியில் ல, ர வந்தால் ன் என்று ஒலிக்கும், ச, ஜ வந்தால் த் ஆகிவிடும். மறைந்த மன்னர் பூமிபோல் அதுல்யதேஜின் பெயர் அந்த ஊர்க்காரர்கள் வாயில் 'பூமிபோன் அதுன்யதேத்'. எழுதுவது ஒன்று, சொல்வது வேறு.

என் கருத்து: ஒருவர் தன் பெயரை எப்படி எழுதுகிறாரோ அதில் யாரும் கை வைக்கக் கூடாது, அது அந்தக் குடும்பத்தின் சொத்து. பலகைகள் மட்டும் ஒரே மாதிரி இருக்க வேண்டும், வழி தேடுகிறவனுக்கு வேர்ச்சொல் உதவாது.

பயணி_தேனி:

இப்போது புரிகிறது, நன்றி. ஆனால் தாளில் என்ன எழுத?

மாங்காய்ச்சோறு:

தமிழில் எழுதும்போது தயவுசெய்து ஆங்கிலம் வழியாகப் போகாதீர்கள். பி-எச்சைப் பார்த்ததும் ஃப போட்டதால் வந்ததுதான் ஃபுகெட். அந்தப் பெயரில் ஃப ஒலியே இல்லை, காற்றோடு வரும் ப, அதுவும் நெடில். பூகெட் என்று எழுதுங்கள்.

நம் எழுத்தில் காற்றொலியைக் காட்ட வழியில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் குறில் நெடில் நம்மிடம் இருக்கிறதே! 1767 முதல் 1782 வரை ஆண்ட மன்னரையும் பிற்காலப் பிரதமர் ஷினவத்ராவையும் ஆங்கிலத்தில் ஒரு எச்தான் பிரிக்கிறது, பாதிப் பேர் அதைக் கவனிப்பதில்லை. தமிழில் மன்னர் தாக்சின், பிரதமர் தக்சின், ஒரு துணைக்கால் போதும். அதிகார விதியால் செய்ய முடியாததை நாம் சாதாரணமாகச் செய்யலாம்.

தாளுக்கு வருவோம். ஒவ்வொரு இடத்துக்கும் கூகுள் மேப்பில் இருந்து தாய் எழுத்தை அப்படியே எடுத்துப் பெரிதாக அச்சிடுங்கள், பக்கத்தில் தமிழில் ஒலிப்பு. டாக்சியில் தாய் எழுத்தைக் காட்டினால் போதும், பேசவே வேண்டாம். ஸ்கைட்ரெயின் என்ற மேம்பால ரயிலுக்கு நிலைய எண்ணையும் எழுதுங்கள். தோங் லோ என்றால் ஈ6, அசோக் ஈ4, அந்தச் சந்தைக்கு இறங்கும் மோ சிட் என்8. எண்ணுக்கு எழுத்துக்கூட்டல் தகராறு கிடையாது, அம்மா அப்பாவே பார்த்து இறங்கிவிடுவார்கள்.

விமான டிக்கெட்டிலும் பெயரை நம்ப வேண்டாம், மூன்றெழுத்தைப் பாருங்கள். பி-கே-கே என்றால் சுவர்ணபூமி, டி-எம்-கே என்றால் டோன் முவாங். இரண்டும் ஊரின் வெவ்வேறு பக்கம், போகவும் வரவும் ஒரே நிலையம்தானா என்று இன்றைக்கே பார்த்து வையுங்கள்.